பொட்டலம் பேசாது, மகஜர் பேசும்

போதைப்பொருள் வழக்கில் சிக்கியவருக்குக் கடைசி நம்பிக்கை, அவரைப் பிடித்தவர்கள் எழுதிய காகிதங்கள். உண்மையான கடத்தல்காரர் தப்புவதும் அந்தக் காகிதங்களால்தான்.

உத்தரப்பிரதேசத்தின் மதுராவில் 2022 நவம்பரில் போலீசார் நீதிமன்றத்துக்குத் தந்த அறிக்கையில் புதிய எதிரிகள் சேர்க்கப்பட்டிருந்தனர்: எலிகள். ஷேர்கட், ஹைவே ஆகிய இரு காவல் நிலையங்களின் கிடங்குகளில் வைத்திருந்த 581 கிலோ கஞ்சாவை அவை தின்று தீர்த்துவிட்டன என்றது அறிக்கை. இந்த எலிகளுக்குச் சென்னையிலும் சொந்தபந்தம் உண்டு. மெரினா போலீசார் 2020இல் கைப்பற்றிய 22 கிலோ கஞ்சாவில் ஆய்வகத்துக்குப் போன 50 கிராமும் நீதிமன்றத்தில் காட்டிய 50 கிராமும் நீங்கலாக மற்றதை எலிகள் தின்றுவிட்டதாகச் சொல்லப்பட்டது. 2023 ஜூலையில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் விடுதலை செய்தது.

பத்திரிகைகளுக்கு இது தமாஷ் செய்தி. இத்தகைய வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்களுக்கு இது பாலபாடம். கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் சட்டத்தின் கண்ணில் அது ‘வணிக அளவு’. தண்டனை குறைந்தது 10 ஆண்டு. 21.9 கிலோ எலி வயிற்றுக்குள் போய்விட்டால் மிச்சமிருக்கும் 100 கிராமை வைத்துக்கொண்டு எந்த அளவை நிரூபிப்பது?

கொலை வழக்கில் எதிர்தரப்பு வழக்கறிஞர் ‘என் கட்சிக்காரர் அங்கே இல்லவே இல்லை’ என்று வாதாடலாம். போதைப்பொருள் வழக்கில் அதற்கு இடம் குறைவு. பொருள் கையில் இருந்தது என்கிறது போலீஸ். பார்த்தவர்களும் பெரும்பாலும் போலீசார்தான். எனவே வாதம் வேறு தடத்தில் போகிறது. தகவல் எத்தனை மணிக்கு வந்தது? அதை யார் எழுதிவைத்தார்? சோதனைக்கு முன் என்ன சொல்லப்பட்டது? அரக்கு முத்திரை யாரிடம் இருந்தது? ஆய்வகத்துக்குப் போன பொட்டலமும் அன்று பிடித்த பொட்டலமும் ஒன்றுதானா? இதைச் சட்டத்தின் ஓட்டை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் அதிகம். ஆனால் அந்தச் சட்டம் குற்றம் சாட்டப்பட்டவரிடமிருந்து எதையெல்லாம் பறித்துக்கொண்டது என்று பார்த்தால் அலுப்பு கொஞ்சம் குறையும்.

போதை மருந்து மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985 நவம்பர் 14 முதல் அமலுக்கு வந்தது. நீதிமன்ற வட்டாரத்தில் அதற்கு என்.டி.பி.எஸ். என்றே பெயர். அதற்கு முன் வெள்ளையர் காலத்து அபினிச் சட்டங்களும் 1930இன் அபாயகர மருந்துகள் சட்டமும் இருந்தன, தண்டனை குறைவு. புதிய சட்டம் நேரெதிர் திசையில் பாய்ந்தது. சொந்த உபயோகத்துக்கான சிறு அளவு என்று நிரூபித்தால் ஒழிய, பெரும்பாலான பொருள்களில் சில கிராமுக்கும் பல கிலோவுக்கும் ஒரே தண்டனை: குறைந்தது 10 ஆண்டு, 1 லட்சம் ரூபாய் அபராதம். 1989இல் ஜாமீன் கடினமாக்கப்பட்டது. மீண்டும் பிடிபடும் பெரிய கடத்தல்காரர்களுக்கு மரண தண்டனையும் சேர்க்கப்பட்டது. (2014 திருத்தத்துக்குப் பிறகு அது கட்டாயமல்ல, நீதிபதியின் விருப்பம்.) நடைபாதையில் பொட்டலம் விற்றவரும் 10 ஆண்டு உள்ளே போன அநியாயம் 2001 அக்டோபரில்தான் ஓரளவு சரிசெய்யப்பட்டது. தண்டனை அளவைப் பொறுத்தது என்றானது.

அந்த அட்டவணைதான் இன்று வழக்கின் உயிர்நாடி. ஹெராயின் 5 கிராம் வரை சிறு அளவு, 250 கிராமைத் தாண்டினால் வணிக அளவு. சரஸ் என்றால் 100 கிராம், 1 கிலோ. கஞ்சா என்றால் 1 கிலோ, 20 கிலோ. கோகெயின் 2 கிராம், 100 கிராம். சிறு அளவுக்கு அதிகபட்சம் ஓராண்டு. இடைப்பட்டதற்கு 10 ஆண்டு வரை. வணிக அளவுக்கு 10 முதல் 20 ஆண்டு. வாழ்க்கையை நிர்ணயிப்பது தராசு என்றானபோது வாதமும் தராசைச் சுற்றியே நடக்கிறது. எடை போட்டபோது பாலித்தீன் பையைக் கழித்தார்களா? கஞ்சா என்று சட்டம் சொல்வது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகளை மட்டுமே. நுனி இல்லாமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் கஞ்சா ஆகாது. சாக்கில் இருந்த 22 கிலோவில் நுனி எவ்வளவு, இலையும் தண்டும் எவ்வளவு என்று எந்த அதிகாரியும் பிரித்து நிறுத்ததாகக் காகிதத்தில் இல்லையே என்பார் வழக்கறிஞர். (இலையில் செய்யும் பாங் இந்தச் சட்டத்துக்குள் வராததால்தான் வாராணசியிலும் ஜெய்சல்மேரிலும் உரிமம் பெற்ற கடைகளில் விற்கிறது.)

தராசு வாதத்தின் உச்சம் 2008இல் வந்தது. 4 கிலோவுக்குச் சற்று அதிகமான ஹெராயினுடன் பிடிபட்ட ஒருவரின் வழக்கில், அந்தப் பொடியில் அசல் ஹெராயின் ஒன்றரை சதவீதம் அளவே என்றது ஆய்வு. அதாவது சுமார் 60 கிராம். கலப்படத்தை நீக்கிய தூய எடையையே கணக்கிட வேண்டும் என்ற உச்ச நீதிமன்றம் தண்டனையை 6 ஆண்டாகக் குறைத்தது. நாடெங்கும் வழக்கறிஞர்கள் இந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்தார்கள். மறு ஆண்டே மத்திய அரசு ஓர் அறிவிக்கை மூலம் அதைச் செல்லாக்காசாக்க முயன்றது. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு பழைய தீர்ப்பையே ரத்து செய்தது: மாவு கலந்திருந்தாலும் மொத்த எடைதான் எடை. ஒரே அளவு, ஒரே குற்றம். தீர்ப்பின் தேதியைப் பொறுத்து ஆண்டுகள் கூடவோ குறையவோ செய்தன. எல்.எஸ்.டி. தடவிய காகிதத்துண்டின் எடையைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் இன்னும் முரண்பட்ட தீர்ப்புகள் உண்டு. அந்த மருந்தில் 0.1 கிராமே வணிக அளவின் எல்லை என்பதால் காகிதத்தின் கனம் அற்ப விஷயமல்ல.

எடைக்கு அடுத்தது மனம். பொருள் ஒருவரிடம் இருந்தது நிரூபணமானால் அவர் அதைத் தெரிந்தே வைத்திருந்தார் என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளும் என்கின்றன 35, 54ஆம் பிரிவுகள். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதி என்ற பழைய விதி இங்கே தலைகீழ். லாரியில் மூட்டைகளுக்கு அடியில் என்ன இருந்தது என்று கிளீனருக்குத் தெரியுமா? காரின் பின்சீட்டில் தொற்றிக்கொண்டவருக்கு? 2003இல் இமாசலப்பிரதேச வழக்கு ஒன்றில், ஒரே காரில் சேர்ந்து பயணம் செய்த ஐவரையும் தெரிந்தே வைத்திருந்தவர்களாகக் கொண்டது உச்ச நீதிமன்றம்.

இந்த ஊகம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்ற வாதம் ஓர் ஆப்கானியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை வந்தது. 1997 ஆகஸ்டில் அமிர்தசரஸின் ராஜா சான்சி விமான நிலையத்தில் அவர் கொண்டுவந்த திராட்சைப் பெட்டியைச் சுங்க அதிகாரிகள் பிரித்தனர். அட்டைக்குள் 1 கிலோ 400 கிராம் ஹெராயின் இருந்ததாக வழக்கு. விசாரணை நீதிமன்றம் 10 ஆண்டு தண்டித்தது. உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2008 ஜூலையில் நீதிபதிகள் எஸ்.பி. சின்ஹாவும் வி.எஸ். சிர்புர்க்கரும் தந்த தீர்ப்பு இருமுனைக் கத்தி. 35, 54ஆம் பிரிவுகள் செல்லும் என்றார்கள். ஆனால் அடிப்படை உண்மைகளை முதலில் அரசுத் தரப்பு ஐயமற நிரூபித்த பிறகே சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தோளுக்கு மாறும். அப்போதும் தன் பக்கம் நம்பத்தகுந்தது என்று அவர் காட்டினால் போதும் என்றார்கள். பிறகு அந்த அடிப்படை உண்மைகளைத் தேடினார்கள். அட்டைப்பெட்டி எங்கே? காணோம். ஹெராயின்? நீதிமன்றத்துக்கே வரவில்லை. மகஜரில் கையெழுத்திட்ட வெளிச் சாட்சிகள்? கூண்டில் ஏற்றப்படவில்லை. அதிகாரிகள் வாங்கிய வாக்குமூலம் மட்டும் இருந்தது. அது போதாது என்று ஆப்கானியரை விடுவித்தது நீதிமன்றம். கைதாகி 11 ஆண்டு ஓடியிருந்தது.

அதிகம் அடிபடும் பிரிவு 50. ஒருவரின் உடலைச் சோதிப்பதற்கு முன், அருகிலுள்ள மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் சோதனை வேண்டும் என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். கேட்பதற்கு எளிது. நள்ளிரவில் பேருந்து நிலையத்தில், நாலு போலீசார் சூழ நிற்கையில், படிக்கத் தெரியாத ஒருவரிடம் அச்சடித்த படிவத்தில் கைநாட்டு வாங்கிக்கொள்வது உரிமையைச் சொல்வதாகுமா? 1999இல் பல்தேவ் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சட்ட அமர்வு இதைத் தீர்த்துவைத்தது. தண்டனை கடுமையாக ஆக, பாதுகாப்புகளும் கண்டிப்பாகப் பின்பற்றப்பட வேண்டும். உரிமையைச் சொல்லாமல் செய்த சோதனையில் கிடைத்த பொருளை மட்டுமே வைத்துத் தண்டிக்க முடியாது என்றது. 2010இல் இன்னோர் அரசியல் சட்ட அமர்வு, ஏறத்தாழச் சொன்னோம் என்ற சமாதானம் எடுபடாது என்றது. 2014இல் ராஜஸ்தான் அபினி வழக்கு ஒன்று இருவர் விடுதலையில் முடிந்தது. அதில் உரிமையை இருவருக்கும் சேர்த்துச் சொல்லி, ஒருவரிடம் மட்டும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். போதாததற்கு, சோதனைக் குழுவிலேயே இருந்த அதிகாரி முன்னிலையிலும் சோதிக்கலாம் என்று சட்டத்தில் இல்லாத மூன்றாவது வழியையும் காட்டியிருந்தார்கள்.

இந்தக் கேடயம் உடலுக்கு மட்டும்தான். கையில் தொங்கும் பைக்குக் கிடையாது என்று 2005இலும் 2023இலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடத்தல் பொருள் பெரும்பாலும் பையில்தான் பயணம் செய்கிறது என்பதை யோசித்தால் கேடயத்தின் அளவு தெரியும். சட்டைப் பையா, தோள் பையா என்பது மகஜரை எழுதுகிறவரின் பேனாவில் இருக்கிறது.

வீட்டிலோ கிடங்கிலோ சோதனை என்றால் பிரிவு 42 வந்துவிடும். ரகசியத் தகவலை எழுத்தில் பதிய வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் போக வேண்டும். சூரியன் மறைந்த பிறகு வாரண்ட் இல்லாமல் நுழைந்தால் காரணம் எழுத வேண்டும். தாமதத்தை விளக்கினால் மன்னிக்கலாம், அடியோடு செய்யாமல் விட்டதை மன்னிக்க முடியாது என்பது 2009 அரசியல் சட்ட அமர்வின் முடிவு.

பிடித்த பிறகுதான் வழக்கு உண்மையில் கெட்டுப்போகிறது. மாதிரி எடுத்தல், முத்திரை, கிடங்குப் பதிவேடு, ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்ற ஏட்டு, அவர் கிளம்பிய நாள், சேர்ந்த நாள். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் எதிர்தரப்பு அங்கேயே உட்கார்ந்துவிடும். 1989இன் நிலையாணைப்படி மாதிரியைச் சம்பவ இடத்திலேயே எடுப்பது வழக்கம்: பெரும்பாலானவற்றில் 5 கிராம், கஞ்சா, சரஸ், அபினி என்றால் 24 கிராம், எல்லாம் இரட்டையாக. ஆனால் அதே ஆண்டு சட்டத்தில் சேர்ந்த 52-ஏ பிரிவு, மாஜிஸ்திரேட் முன்னிலையில் மாதிரி எடுத்து அவர் சான்றளிக்க வேண்டும் என்கிறது. எது சரி? 27 ஆண்டு கழித்து, 2016 ஜனவரியில், மாஜிஸ்திரேட் முன்னிலையில்தான் என்றது உச்ச நீதிமன்றம். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. 2023இல் பஞ்சாபின் கசகசாத் தோல் வழக்கு ஒன்று, போலீசார் இடத்திலேயே மாதிரி எடுத்தார்கள் என்பதால் விடுதலையில் முடிந்தது. 2022 டிசம்பரில் புதிய விதிகள் வந்தன. ஆனால் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் கொஞ்சம் பின்வாங்கி, 52-ஏ மீறப்பட்டது என்பதற்காக மட்டும் வழக்கு விழாது, மற்ற சாட்சியங்கள் வலுவாக இருந்தால் தண்டிக்கலாம் என்றது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சோதனையை வீடியோ எடுக்கச் சொல்வதால் வழக்கறிஞர்கள் கேட்க இன்னொரு கேள்வி கிடைத்திருக்கிறது: வீடியோ எங்கே?

சங்கிலியை அறுப்பவர்கள் எப்போதும் போலீசார்தான் என்று எண்ணிவிட வேண்டாம். 1990இல் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஓர் ஆஸ்திரேலியர் உள்ளாடையில் 61.5 கிராம் ஹஷீஷுடன் பிடிபட்டார். செஷன்ஸ் நீதிமன்றம் 10 ஆண்டு விதித்தது. மேல்முறையீட்டில் அந்த உள்ளாடை அவருக்குச் சேரவே சேராது என்று வாதிடப்பட, கேரள உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. சாட்சிப் பொருளான உள்ளாடை இடையில் எதிர்தரப்பின் கைக்குப் போய், சிறிதாகி நீதிமன்றத்துக்குத் திரும்பியது என்பது பிறகு எழுந்த குற்றச்சாட்டு. குற்றம் சாட்டப்பட்ட வழக்கறிஞர் பின்னாளில் மாநில அமைச்சராகவும் ஆனார். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விசாரணையை ஓராண்டுக்குள் முடிக்க உத்தரவிட்டது. தையல் ஊசி ஒன்று ஒரு மாநில அரசியலை முப்பது ஆண்டுக்கு மேல் குத்திக்கொண்டிருந்தது வேறெங்கும் நடந்ததாகத் தெரியவில்லை.

காகிதங்களில் மிக ஆபத்தானது வாக்குமூலம். போலீசாரிடம் தந்த ஒப்புதல் சாட்சியமாகாது என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் போதைப்பொருள் தடுப்பு அமைப்பான என்.சி.பி.யின் அதிகாரிகள் ‘போலீசார் அல்ல’ என்ற சாமர்த்தியமான வாதத்தில், 67ஆம் பிரிவின் கீழ் அவர்கள் எழுதி வாங்கிய ஒப்புதல்களை வைத்தே பல ஆண்டுகள் தண்டனைகள் தரப்பட்டன. கைப்பற்றிய பொருளே இல்லாதவர்கள்கூட இன்னொருவரின் வாக்குமூலத்தில் பெயர் வந்ததால் உள்ளே போனார்கள். இதற்கு முற்றுப்புள்ளி வைத்த வழக்கு சென்னையிலிருந்து போனது. 2004இல் 5 கிலோவுக்கு மேல் ஹெராயின் பிடிபட்ட அந்த வழக்கு, தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு என்று பெயர்பெற்றது. 2020 அக்டோபர் 29 அன்று நீதிபதிகள் ஆர்.எஃப். நாரிமனும் நவீன் சின்ஹாவும் அந்த அதிகாரிகளும் போலீஸ் அதிகாரிகளே, ஒப்புதல் செல்லாது என்றனர். நீதிபதி இந்திரா பானர்ஜி மாறுபட்டார். 16 ஆண்டு தாமதமானாலும் இந்தச் சட்டத்தின் வரலாற்றில் எதிர்தரப்புக்குக் கிடைத்த பெரிய வெற்றி இதுதான்.

வெற்றி நிலைக்கும் என்று சொல்வதற்கில்லை. புகார் தந்த அதிகாரியே புலனாய்வும் செய்தால் வழக்கு செல்லாது என்று 2018 ஆகஸ்டில் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். சரியாக இரண்டே ஆண்டில், 2020 ஆகஸ்டில், ஐந்து நீதிபதிகள் அதை மாற்றினர். பாரபட்சம் இருந்ததா என்று ஒவ்வொரு வழக்கிலும் தனியாகப் பார்க்க வேண்டுமாம்.

ஆனால் இந்த வாதங்கள் எல்லாம் விசாரணை தொடங்கினால்தானே? அதுவரை குற்றம் சாட்டப்பட்டவர் எங்கே இருப்பார் என்பதுதான் இந்தச் சட்டத்தின் மிகக் கொடிய கேள்வி. வணிக அளவு என்றால் பிரிவு 37 குறுக்கே நிற்கிறது: இவர் குற்றமற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே போனால் மீண்டும் குற்றம் செய்யமாட்டார் என்று நீதிபதி திருப்தியடைய வேண்டும். சாட்சி ஒருவரைக்கூட விசாரிக்காத கட்டத்தில்! மற்ற வழக்குகளில் 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமை. இங்கே 180 நாள், அதை ஓராண்டு வரை நீட்டிக்கவும் முடியும். 2021 அக்டோபரில் மும்பை சொகுசுக் கப்பல் விவகாரத்தில் கைதான நடிகர் ஷாருக் கானின் மகன் ஆர்யன் கானிடம் போதைப்பொருள் எதுவும் கிடைக்கவில்லை. செல்போன் உரையாடல்கள்தான் ஆதாரம். நாட்டின் விலையுயர்ந்த வழக்கறிஞர்கள் வாதாடியும் 3ஆம் தேதி கைதானவர் 30ஆம் தேதிதான் வெளியே வந்தார். மறு ஆண்டு மே மாதம் என்.சி.பி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் அவர் பெயரே இல்லை.

அப்பா நடிகராக இல்லாதவர்களுக்கு நாட்களில் அல்ல, ஆண்டுகளில் கணக்கு. போதைக்கு அடிமையாகி சிறு அளவுடன் சிக்கியவர் தானே சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து விடுவிக்கும் 64-ஏ பிரிவு ஒன்று சட்டத்தில் இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதை அவருக்குச் சொல்லும் வழக்கறிஞர் வேண்டுமே. கூலிக்குப் பொட்டலம் சுமப்பவருக்குச் சட்ட உதவி மையம் தரும் வழக்கறிஞர்தான் கதி. முத்திரையின் எழுத்தையும் கிடங்குப் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை அவருக்கு இருந்தால் அது கட்சிக்காரரின் அதிர்ஷ்டம்.

10 ஆண்டு தண்டனைக்குரிய வழக்கில் 5 ஆண்டு உள்ளே கழித்துவிட்ட விசாரணைக் கைதிகளை, 1 லட்சம் ரூபாய்க்கு இருவர் ஜாமீன் தந்தால் விடலாம் என்று 1994இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்று தேங்கிக் கிடந்த வழக்குகளுக்கான ஒருமுறை நிவாரணம் அது. தேக்கம் மறுபடி சேர்ந்தது. 2013 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் முன் வந்த ஒருவர், விசாரணை தொடங்குவதற்காக 12 ஆண்டுக்கு மேல் சிறையில் காத்திருந்தார். தேவையற்ற வாய்தா கூடாது, தனி நீதிமன்றங்கள் வேண்டும் என்று நீண்ட உத்தரவுகள் பிறந்தன.

2023 மார்ச்சில், டெல்லி கஞ்சா வழக்கு ஒன்றில் ஏழாண்டுக்கு மேல் உள்ளே இருந்த ஓர் இளைஞருக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் தந்தது. விரைவான விசாரணைக்கான உரிமையைப் பிரிவு 37 விழுங்கிவிட முடியாது என்றது தீர்ப்பு. கைதானபோது அவருக்கு வயது 23. அவர் வெளியே வந்த அன்று 30 சாட்சிகளின் விசாரணை முடிந்திருந்தது. இன்னும் 34 பேர் பாக்கி.